ஏற்பிகளின் பன்மையும் தேர்ந்து செயல்படும் மருந்துகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்பி என்பது என்ன? ஒரே வேதிப்பொருளுக்கு ஏன் பல ஏற்பிகள் இருக்கின்றன?

ஹார்மோனோ நரம்புக்கடத்தியோ வந்து ஒட்டும்போது தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு, அந்த வருகையைச் செல்லுக்குள் ஒரு செயலாக மாற்றித் தரும் புரதமே ஏற்பி. பெரும்பாலான ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பில் பதிந்திருக்கின்றன. ஸ்டீராய்டு ஹார்மோன்களுக்கான ஏற்பிகள் போன்ற சில செல்லுக்கு உள்ளே இருக்கின்றன.

உடல் சேதி அனுப்பப் பயன்படுத்தும் பொருள்கள் சிலவே. அவற்றைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகள் பல. மனித உடலில் அட்ரினலினுக்கும் நார்-அட்ரினலினுக்கும் சேர்த்து 9 ஏற்பிகள் உள்ளன. செரடோனினுக்குப் பத்துக்கும் மேல், டோபமினுக்கு 5, ஹிஸ்டமினுக்கு 4; அசிட்டைல்கோலினுக்கு மஸ்காரினிக் எனப்படும் ஒரு குடும்பத்தில் மட்டும் 5. பரிணாமத்தின் போக்கில் ஒரு மரபணு இரட்டித்து, இரண்டு பிரதிகளும் தனித்தனியே மாறி, வெவ்வேறு திசுக்களில் குடியேறியதால் இந்தக் குடும்பங்கள் உருவாயின. அச்சம் தோன்றும் கணத்தில் இரத்தத்தில் கலக்கும் அட்ரினலின் ஒன்றுதான். ஆனால் அது இதயத்தை விரைவுபடுத்துகிறது, மூச்சுக்குழாயைத் தளர்த்துகிறது, தோலின் இரத்தநாளங்களைச் சுருக்குகிறது. முரண்போலத் தோன்றும் இந்த விளைவுகளுக்கு அட்ரினலின் காரணமன்று. அந்தந்தத் திசு எந்த ஏற்பியை ஏந்தியிருக்கிறது என்பதே காரணம்.

மருந்தியலுக்கு இது பெரிய வாய்ப்பு. இயற்கைப் பொருளால் எல்லா ஏற்பிகளையும் ஏறத்தாழ ஒருசேரத்தான் தொட முடியும்; ஏற்பிகளுக்கிடையே சிறு வேறுபாடு இருந்தாலும், அவற்றில் ஒன்றை மட்டும் தொடும் செயற்கைப் பொருளைத் தேட முடியும்.

இந்தப் பன்மை எப்படித் தெரியவந்தது?

ஏற்பிகளைக் கண்ணால் கண்டு அல்ல, மருந்துகளின் நடத்தையைக் கவனித்துத்தான் முதலில் ஊகித்தார்கள். 1905இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் நியூபோர்ட் லாங்லி, நிக்கோட்டினும் தசையை முடக்கும் நஞ்சான குராரேயும் தசையில் ஒரே பொருளுக்காகப் போட்டியிடுகின்றன என்று கருதி, அதற்கு ‘ஏற்கும் பொருள்’ என்று பெயரிட்டார். அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது விளக்கத்துக்கு வசதியான கற்பனையா என்ற ஐயம் அதன் பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

1948இல் அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்க்விஸ்ட், அட்ரினலினை ஒத்த ஆறு பொருள்களைப் பல உறுப்புகளில் சோதித்து, அவற்றை வலிமை வரிசையில் அடுக்கிப் பார்த்தார். உறுப்புக்கு ஒரு வரிசை வரும் என்று எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் இரண்டே வரிசைகள்தான் திரும்பத் திரும்ப வந்தன. இரத்தநாளச் சுருக்கத்தில் அட்ரினலின் முன்னும் ஐசோபிரினலின் கடைசியிலும் நின்றன. இதயத் தூண்டலில் ஐசோபிரினலின் முதலிடத்துக்கு வந்துவிட்டது. எனவே ஏற்பி ஒன்றல்ல, இரண்டு என்று முடிவுகட்டி அவற்றுக்கு ஆல்பா, பீட்டா என்று பெயர் வைத்தார். அந்தக் கட்டுரையை முதலில் அனுப்பிய மருந்தியல் இதழ் ஏற்கவில்லை. வேறோர் இதழில்தான் அது வெளிவந்தது. அக்காலத்தில் இருந்த தடுப்பிகள் யாவும் ஆல்பா விளைவுகளை மட்டுமே தடுத்தன. பீட்டாவைத் தடுக்கும் பொருள் கையில் இல்லாதவரை, பீட்டா ஏற்பி என்பது பலருக்கு வெறும் எழுத்தாகவே இருந்தது.

அந்த அறிவு மருந்தாக மாறியது எப்போது?

ஆல்க்விஸ்டின் கருத்தைக் கையிலெடுத்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். மாரடைப்புக்கு முந்தைய நெஞ்சுவலியில், இதயத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் தர முயல்வதைவிட, இதயத்தின் தேவையைக் குறைப்பது மேல் என்று அவர் எண்ணினார். அதற்கு அட்ரினலின் இதயத்தில் செய்யும் வேலையைத் தடுக்க வேண்டும். முதலில் வந்த புரோனெத்தலால் எலிகளில் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. 1964இல் அறிவிக்கப்பட்ட புரோப்ரனலால் நிலைத்தது.

புரோப்ரனலால் இதயத்துக்கு நல்லது செய்தது. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கியது. மறுபக்கத்தில் ஐசோபிரினலின் ஆஸ்துமாவைத் தணித்தது; ஆனால் இதயத்தைப் படபடக்க வைத்தது. ஒரு கோளாறின் இரண்டு முகங்களைப் போன்ற இந்தத் தொல்லைகளுக்கான விளக்கம் 1967இல் வந்தது. மருந்தியலாளர் லாண்ட்ஸும் அவர் குழுவினரும் பீட்டா ஏற்பியையே இரண்டாகப் பிரித்தார்கள்: இதயத்தில் மேலோங்கி நிற்பது பீட்டா-1, மூச்சுக்குழாயில் நிற்பது பீட்டா-2. அதன் பின் பாதை தெளிவாயிற்று. பீட்டா-2ஐ முதன்மையாகத் தூண்டும் சால்புட்டமால் 1969இல் விற்பனைக்கு வந்தது. பீட்டா-1ஐ முதன்மையாகத் தடுக்கும் அட்டினலால், மெட்டப்ரலால், பைசப்ரலால் போன்றவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூன்றாவதான பீட்டா-3 நெடுங்காலம் மருந்தின்றி இருந்தது. சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்த அதைத் தூண்டும் மிராபெக்ரான் 2011இல் ஜப்பானிலும் 2012இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது.

நோய் எந்த உறுப்பில், அந்த உறுப்பில் எந்தத் துணைவகை, அந்தத் துணைவகையை மட்டும் தொடும் பொருள் எது: இந்த மூன்று வினாக்களும் இன்றுவரை மாறவில்லை. மாறியவை விடை தேடும் கருவிகளே.

ஒவ்வாமைக்குத் தரும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை ஏன் வயிற்று அமிலத்தைக் குறைப்பதில்லை?

ஹிஸ்டமின் இரண்டையும் செய்கிறது: மூக்கில் நீர் ஒழுகச் செய்கிறது, இரைப்பையில் அமிலம் சுரக்கச் செய்கிறது. ஆனால் முன்னதை எச்1 ஏற்பியும் பின்னதை எச்2 ஏற்பியும் நடத்துகின்றன. பழைய ஆன்டிஹிஸ்டமின்கள் அமிலத்தைத் தொடவே இல்லை என்பதே வேறோர் ஏற்பி இருக்க வேண்டும் என்பதற்கு முதல் தடயமாயிற்று. அதே ஜேம்ஸ் பிளாக், நிறுவனம் மாறிய பிறகு, ஹிஸ்டமின் மூலக்கூறையே சிறிது சிறிதாக மாற்றி, சுமார் 700 சேர்மங்களைச் சோதித்து, 1972இல் புரிமமைடு மூலம் எச்2 ஏற்பியை நிறுவினார். வழித்தோன்றலான சிமெட்டிடின் 1976இல் பிரிட்டனில் வந்தபோது, அறுவைச் சிகிச்சைக்குச் சென்றுகொண்டிருந்த குடற்புண் நோயாளிகள் பலருக்கு மாத்திரையே போதுமானதாயிற்று. பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது.

துணைவகைகள் உண்மையில் எந்த அளவுக்கு வேறுபடுகின்றன? ஒன்றை மட்டும் குறிவைப்பது ஏன் கடினம்?

ஏற்பியைப் பூட்டாகவும் மருந்தைச் சாவியாகவும் சொல்வது வழக்கம். அந்த உவமை இங்கே பாதி வழிதான் வரும். ஒரு குடும்பத்தின் ஏற்பிகள் யாவும் ஒரே இயற்கைச் சாவிக்குத் திறந்தாக வேண்டியவை. ஆகவே சாவித்துளை, அதாவது இயற்கைப் பொருள் ஒட்டும் குழி, எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். 2007இல் பீட்டா-2 ஏற்பியின் முப்பரிமாண வடிவமும் அடுத்த ஆண்டில் பீட்டா-1இன் வடிவமும் வெளிவந்தபோது, குழிக்குள் மருந்தைத் தொடும் அமினோ அமிலங்கள் இரண்டிலும் ஒன்றே என்பது தெரிந்தது. இந்தத் துறைக்கு அடித்தளமிட்ட ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவருக்கும் 2012இல் வேதியியல் நோபல் பரிசு தரப்பட்டது.

அப்படியானால் தேர்ந்து செயல்படும் தன்மை எங்கிருந்து வருகிறது? முதலாவதாக, குழிக்குச் செல்லும் வாயிலிலிருந்து. இயற்கையிலேயே நார்-அட்ரினலின் பீட்டா-2ஐவிட பீட்டா-1ஐ ஏறத்தாழ பத்து மடங்கு விரும்புகிறது. குழிகள் ஒன்றாக இருந்தும் இப்படி நேர்வதற்குக் காரணம், வெளிப்புறத்து முன்கூடம் இரண்டிலும் வேறுபடுவதுதான். ஆஸ்துமா மருந்தான சால்மெட்ரால் தன் நீண்ட வாலை அந்த முன்கூடத்தை நோக்கி நீட்டிக்கொள்வது அதன் பீட்டா-2 நாட்டத்துக்குத் துணைபுரிகிறது. இரண்டாவதாக, குழியின் விளிம்பில் இருக்கும் ஒற்றை அமினோ அமிலங்களிலிருந்து. அசிட்டைல்கோலினை ஏற்கும் மஸ்காரினிக் எம்2 ஏற்பியில் ஃபினைல்அலனின் இருக்கும் ஓரிடத்தில் எம்3 ஏற்பியில் அதைவிடச் சிறிய லியூசின் இருக்கிறது. அங்கே கிடைக்கும் சின்னஞ்சிறு கூடுதல் இடத்தில் நுழையும்படி மூலக்கூறை வடிவமைத்தால், எம்3ஐப் பிடித்து எம்2ஐ விட்டுவிடும் பொருளைப் பெற முடிகிறது. இதயத்தில் எம்2, மூச்சுக்குழாயிலும் சிறுநீர்ப்பையிலும் எம்3 என்பதை நினைத்தால், அந்தச் சிறு இடம் எவ்வளவு விலை பெறும் என்பது விளங்கும்.

மூன்றாவது வழி, குழியை விட்டே விலகிவிடுவது. ஏற்பியின் உடலில் இயற்கைப் பொருள் தொடாத மூலைகள் இருக்கின்றன. அவற்றை மாறாமல் காக்க வேண்டிய கட்டாயம் பரிணாமத்துக்குக் குறைவு. ஆகவே துணைவகைக்குத் துணைவகை அவை நன்றாகவே வேறுபட்டிருக்கும். அங்கே ஒட்டும் மருந்து ஏற்பியைத் தானாக இயக்காமல், இயற்கைச் சேதியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். கால்சியத்தை உணரும் ஏற்பியின் மீது இப்படிச் செயல்படும் சினகால்செட் 2004 முதல் பயன்பாட்டில் உள்ளது. இந்த மூன்றில் நீண்டகால நோக்கில் மிகவும் நம்பத்தக்கது இந்த மூன்றாவது வழிதான் என்பது என் கருத்து. இயற்கையின் தாளத்தைக் கலைக்காமல் அதன் ஒலியளவை மட்டும் திருகுகிறது என்பது அதன் தனிச்சிறப்பு.

ஒரு மருந்தின் தேர்வுத்திறனை எப்படி அளக்கிறார்கள்?

ஓர் ஏற்பியின் பாதியை நிரப்ப எவ்வளவு செறிவு தேவை என்று பார்க்கிறார்கள். வேண்டாத ஏற்பிக்கும் அதையே பார்த்து, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைச் சொல்கிறார்கள். ‘நூறு மடங்கு தேர்வுத்திறன்’ என்றால் வேண்டாத ஏற்பியைப் பாதி நிரப்ப நூறு மடங்கு செறிவு வேண்டும் என்று பொருள்.

இந்த எண்ணைக் கேட்டவுடன் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. எளிய கணக்கு ஒன்று போடலாம். நூறு மடங்கு தேர்வுத்திறன் உள்ள மருந்து, வேண்டிய ஏற்பியில் 90 விழுக்காட்டை நிரப்பும் அளவில், வேண்டாத ஏற்பியில் சுமார் 8 விழுக்காட்டையே நிரப்பும். அளவைப் பத்து மடங்கு உயர்த்தினால் வேண்டிய ஏற்பியில் 90 என்பது 99 ஆகும். வேண்டாததில் 8 என்பது 47 ஆகிவிடும். பயன் ஒரு படி கூடுவதற்குள் தொல்லை ஐந்தாறு மடங்காகிறது. ஆகவே தேர்வுத்திறன் என்பது மூலக்கூறின் பண்பு மட்டுமல்ல, அளவின் பண்பும்கூட. பீட்டா-1ஐத் தேர்ந்து தடுக்கும் மருந்து, மிகு அளவில் கொடுக்கப்பட்டால் சாதாரண பீட்டா தடுப்பியாக மாறிவிடும் என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இந்தக் கணக்கைத்தான்.

தேர்ந்து செயல்படும் மருந்து என்றால் பக்கவிளைவு இல்லை என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. காரணங்கள் குறைந்தது மூன்று.

ஒன்று, சரியான ஏற்பி தவறான இடத்திலும் இருக்கும். சால்புட்டமால் எடுத்தவருக்குக் கை நடுங்குவது மருந்து வழிதவறியதால் அன்று. எலும்புத் தசையிலும் பீட்டா-2 இருப்பதால்தான். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின் இன்னும் நல்ல பாடம். ஆல்பா-1 ஏற்பிகள் அனைத்தையும் தடுக்கும் பழைய மருந்துகள் இரத்த அழுத்தத்தை இறக்கி, எழுந்து நிற்கும்போது தலைசுற்ற வைத்தன. டாம்சுலோசின் புராஸ்டேட்டில் மிகுந்துள்ள ஆல்பா-1ஏ துணைவகையை அதிகம் நாடுவதால் அந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் கண்ணின் பாவையை விரிக்கும் தசையிலும் அதே ஆல்பா-1ஏ இருக்கிறது. இந்த மருந்தை எடுத்துக்கொள்பவர்களுக்குக் கண்புரை அறுவையின்போது கருவிழித்திரை தொய்ந்து அலையாடும் நிலை 2005இல் விவரிக்கப்பட்டது. அறுவைக்கு முன் கண் மருத்துவரிடம் இந்த மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அன்று முதல் வலியுறுத்தப்படுகிறது.

இரண்டு, மூலக்கூறுக்கு ஏற்பியோடு தொடர்பில்லாத நச்சுத்தன்மையும் இருக்கலாம். பீட்டா-1ஐத் தேர்ந்து தடுத்த முதல் மருந்தான பிராக்டலால் 1970இல் வந்தது. கண் வறட்சி, தோல் பாதிப்பு, வயிற்றறை உறையில் தடிப்பு ஆகியவற்றை உண்டாக்கியதால் அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. மற்ற பீட்டா தடுப்பிகளில் அந்த நோய்க்கூட்டம் காணப்படவில்லை. ஏற்பியைத் துல்லியமாகத் தேர்ந்ததால் வந்த கேடும் அன்று. தேர்ந்ததால் தவிர்க்கப்படக்கூடிய கேடும் அன்று.

மூன்று, அந்த ஏற்பியின் எல்லாப் பணிகளும் நமக்குத் தெரிந்திருப்பதில்லை.

செரடோனின் மருந்துகளில் இதய வால்வுப் பிரச்சினை ஏன் பேசப்படுகிறது?

பசியைக் குறைக்கப் பரவலாக எடுத்துக்கொள்ளப்பட்ட ஃபென்ஃப்ளூரமின், இதய வால்வுகள் தடித்துப்போவது கண்டறியப்பட்டதால் 1997இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. உடலில் அது மாறி உருவாகும் நார்ஃபென்ஃப்ளூரமின், வால்வுச் செல்களில் உள்ள செரடோனின் 2பி ஏற்பியைத் தூண்டி அவற்றைப் பெருகச் செய்கிறது என்பது பின்னரே தெரிந்தது. பார்கின்சன் நோய்க்குத் தரப்பட்ட பெர்கோலைடு அதே காரணத்தால் 2007இல் அமெரிக்கச் சந்தையைவிட்டு விலகியது. பசியைக் குறைப்பது 2சி, வால்வைக் கெடுப்பது 2பி. பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஆனால் மருந்துருவாக்கம் நடைபெறும் இடமெல்லாம் புதிய சேர்மங்களை 2பி ஏற்பியின் மீது சோதித்துப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

இந்தக் கதைக்கு இரண்டு பின்குறிப்புகள் உண்டு. 2சி ஏற்பியை மட்டும் நாடும்படி உருவாக்கப்பட்ட லோர்காசெரின் 2012இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. நீண்ட ஆய்வில் புற்றுநோய் சற்று அதிகமாகத் தென்பட்டதால் 2020இல் அதுவும் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதே 2020இல் பழைய ஃபென்ஃப்ளூரமின், டிராவே நோய்க்கூட்டம் என்னும் கடுமையான குழந்தைப்பருவ வலிப்புக்கு, குறைந்த அளவில், இதய எதிரொலிச் சோதனைக் கண்காணிப்போடு திரும்பி வந்தது. ஏற்பி தெரிந்துவிட்டால், ஆபத்தான மருந்தையும் எங்கே கவனிக்க வேண்டும் என்று அறிந்து பயன்படுத்த முடிகிறது.

ஏற்பி ஒன்றுக்கு மரபணு ஒன்று என்று எண்ணலாமா?

பல ஏற்பிகளுக்கு எண்ணலாம். சுவையான விதிவிலக்குகள் பல உண்டு.

மூளையை அடக்கும் சேதியைப் பெறும் காபா-ஏ ஏற்பி ஐந்து துண்டுகள் வட்டமாகக் கூடி அமைவது. அந்தத் துண்டுகளுக்கு மனிதரில் 19 மரபணுக்கள் உள்ளன. எந்த ஐந்து எப்படிக் கூடுகின்றன என்பதைப் பொறுத்து ஏற்பியின் இயல்பு மாறும். பதற்றத்தைத் தணிக்கத் தரும் டயசிபாம் போன்ற பென்சோடயசிபைன்கள் ஆல்பா துண்டுக்கும் காமா துண்டுக்கும் இடையிலுள்ள பிளவில் ஒட்டுகின்றன. 1999இல் வெளியான ஓர் எலி ஆய்வில், ஆல்பா-1 துண்டில் ஒரே ஒரு ஹிஸ்டிடினை ஆர்ஜினினாக மாற்றி அந்தத் துண்டு மட்டும் டயசிபாமுக்கு மசியாதபடி செய்தார்கள். எலிகளுக்கு மருந்தால் அயர்வு வரவில்லை. பதற்றம் மட்டும் தணிந்தது. அயர்வை ஆல்பா-1 நடத்துகிறது, பதற்றத் தணிவை மற்ற ஆல்பாக்கள், குறிப்பாக ஆல்பா-2, நடத்துகின்றன என்பது அதிலிருந்து தெளிந்தது. ஆல்பா-1ஐ நாடும் சோல்பிடெம் உறக்க மருந்தாகவே பயன்படுவது இதோடு ஒத்துப்போகிறது. உறக்கம் தராமல் பதற்றத்தை மட்டும் தணிக்கும் மருந்து இந்த அறிவிலிருந்து உடனே பிறந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அது அவ்வளவு எளிதாக அமையவில்லை.

இன்னொரு வகை, ஏற்பி தன் துணையால் ஆள் மாறுவது. கால்சிட்டோனின் ஏற்பியை ஒத்த ஒரு புரதம் தனியாகச் செல்லின் மேற்பரப்பை அடையாது. ‘ராம்ப்’ எனப்படும் சிறு துணைப்புரதங்களில் ஒன்று கூடவே வர வேண்டும் என்பது 1998இல் கண்டறியப்பட்டது. ராம்ப்-1 சேர்ந்தால் அது ஒற்றைத் தலைவலியோடு தொடர்புடைய சிஜிஆர்பி என்னும் பொருளின் ஏற்பி. ராம்ப்-2 சேர்ந்தால் அட்ரினோமெடுலின் என்னும் வேறு பொருளின் ஏற்பி. உப்ரோஜெபன்ட், ரிமெஜெபன்ட் ஆகிய மருந்துகள் அந்தப் புரதமும் ராம்ப்-1ம் சந்திக்கும் இடுக்கில் ஒட்டுகின்றன. கூட்டாளி வேறானால் இடுக்கும் வேறாகிவிடுகிறது. தேர்வுத்திறன் இங்கே ஒரு புரதத்தில் இல்லை, இரண்டின் சேர்க்கையில் இருக்கிறது. ஒற்றைத் தலைவலிக்கு முன்னர் இருந்த டிரிப்டான் வகை மருந்துகள் செரடோனின் 1பி, 1டி ஏற்பிகளைத் தூண்டி இரத்தநாளங்களைச் சுருக்குவதால், இதயத் தமனி நோய் உள்ளவர்களுக்குத் தர முடியாமல் இருந்தன. ஜெபன்ட்டுகள் நாளங்களைச் சுருக்குவதில்லை. 1எஃப் ஏற்பியைத் தேர்ந்து தூண்டும் லாஸ்மிடிட்டானும் சுருக்குவதில்லை. ஆனால் மூளைக்குள் சென்று தலைசுற்றலும் அயர்வும் தருவதால், எடுத்த பின் 8 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது.

ஏற்பியைத் தேர்ந்தெடுக்க முடியாதபோது வேறு வழி உண்டா?

உண்டு, இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மூச்சில் இழுக்கும் மருந்தும் கண்ணில் விடும் சொட்டும் அதன் பழைய வடிவங்கள். அண்மைய வடிவம் மனச்சிதைவு நோய்க்கு வந்தது. சனோமெலின் எம்1, எம்4 ஏற்பிகளை அதிகம் தூண்டுவது. எனினும் உடலின் பிற மஸ்காரினிக் ஏற்பிகளையும் தொட்டுவிடுவதால், 1990களில் ஆல்சைமர் நோய்க்குச் சோதித்தபோது குமட்டல், வாந்தி போன்ற தொல்லைகளால் முன்னேற முடியவில்லை. பின்னாளில் அதனோடு டிராஸ்பியம் என்னும் தடுப்பியைச் சேர்த்தார்கள். டிராஸ்பியம் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடையைத் தாண்டாது; ஆகவே உடலில் தூண்டல் அடங்குகிறது, மூளையில் மட்டும் நிற்கிறது. இந்தக் கூட்டு மருந்து 2024 செப்டம்பரில் அமெரிக்க ஒப்புதலைப் பெற்றது. முற்றிலும் தேர்ந்து செயல்படும் ஒரு மூலக்கூறைத் தேடிக் காத்திருக்காமல், குறையுள்ள இரண்டை ஒன்றுக்கொன்று ஈடாக வைத்த இந்த உத்தி பாராட்டத்தக்கது.

ஒரே ஏற்பிக்குள்ளும் விளைவுகளைப் பிரிக்க முடியுமா?

ஓர் ஏற்பி செல்லுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் சேதி அனுப்பும்; ஒரு வழியை மட்டும் இயக்கும் மருந்தைச் செய்யலாம் என்பது கொள்கை. மார்ஃபின் போன்ற வலிநிவாரணிகள் ஒட்டும் ஓபியாய்டு ஏற்பியில் வலியைத் தணிக்கும் வழியைப் பிடித்து மூச்சை அடக்கும் வழியை விட்டுவிடலாம் என்ற நம்பிக்கையில் உருவான ஒலிசெரிடின் 2020இல் ஒப்புதல் பெற்றது. ஆனாலும் அது பிற ஓபியாய்டுகளைப் போலவே மூச்சடக்கும் ஆபத்துக்கும் அடிமைப்படும் ஆபத்துக்கும் எச்சரிக்கை தாங்கியே விற்கப்படுகிறது. கொள்கை அழகானது, இந்த ஏற்பியைப் பொறுத்தவரை அது எதிர்பார்ப்பை நிறைவேற்றியதாகச் சொல்ல முடியாது.

எலியில் தேர்ந்து செயல்பட்ட மருந்து மனிதரிலும் அப்படியே செயல்படுமா?

நிச்சயமில்லை. செரடோனின் 1பி ஏற்பியில் மனிதருக்கு திரியோனின் இருக்கும் ஓரிடத்தில் எலிக்கு அஸ்பராஜின் இருக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால், எலியின் ஏற்பி புரோப்ரனலாலை இறுகப் பற்றிக்கொள்ளும், மனிதரின் ஏற்பி பற்றாது. முதல் ஜெபன்ட்டான ஓல்செஜெபன்ட் மனித ஏற்பியைவிட எலியின் ஏற்பியில் வெகுவாக வலுவிழந்ததற்கும் ராம்ப்-1இல் உள்ள ஒற்றை அமினோ அமிலமே காரணம். இதனால்தான் மனித மரபணுவை ஏற்றிய செல்களிலும் மனித மரபணுவைத் தாங்கிய எலிகளிலும் சோதனைகள் செய்யப்படுகின்றன.

புற்றுநோய் மருந்துகளில் ‘குறிவைத்த சிகிச்சை’ என்பதும் இதுதானா?

அடிப்படை ஒன்றே, பன்மை தோன்றும் விதம் வேறு. இங்கே ஏற்பியின் வேறுபாடு பரிணாமத்தால் அல்ல, கட்டிக்குள் நடந்த மாற்றத்தால் வருகிறது. மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஆறில் ஒன்றில், செல் வளரச் சேதி தரும் ஹெர்-2 ஏற்பி அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும். அவற்றுக்கே 1998இல் வந்த டிராஸ்டுசுமாப் பொருந்தும். நுரையீரல் புற்றுநோயில், அதே குடும்பத்தைச் சேர்ந்த இஜிஎஃப்ஆர் ஏற்பி திரிந்திருந்தால், திரிந்த வடிவத்தை அதிகமாகவும் இயல்பான வடிவத்தைக் குறைவாகவும் தடுக்கும் ஓசிமெர்ட்டினிப் போன்ற மருந்து தோலையும் குடலையும் ஓரளவு விட்டுவைக்கிறது. எனவே சிகிச்சைக்கு முன் கட்டியின் ஏற்பியைச் சோதிப்பது தவிர்க்க முடியாத படியாகிறது.

தேர்வுத்திறன் கூடக்கூட மருந்து சிறந்ததாகுமா?

எப்போதும் அல்ல. மனச்சிதைவு நோய்க்குப் பிற மருந்துகள் பலன் தராதபோது கொடுக்கப்படும் குளோசபைன், டோபமின், செரடோனின், ஹிஸ்டமின், மஸ்காரினிக், ஆல்பா என்று ஏற்பிகளின் நீண்ட வரிசையையே தொடுகிறது. அதைவிடத் தூய மருந்துகள் பல வந்தும் அந்த இடத்தில் அதை வெல்லவில்லை. 2022இல் ஒப்புதல் பெற்ற நீரிழிவு மருந்தான டிர்செபடைடு, ஜிஎல்பி-1, ஜிஐபி என்ற இரண்டு குடல் ஹார்மோன்களின் ஏற்பிகளைத் தூண்டும்படி வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டது. இவற்றுக்கும் பழைய கலவையான மருந்துகளுக்கும் வேறுபாடு உண்டு: எந்த ஏற்பிகள் வேண்டும் என்று தெரிந்து இரண்டைத் தொடுவது வேறு, தெரியாமல் பத்தைத் தொடுவது வேறு. குளோசபைன் தெரியாமல் தொட்டு வென்ற அரிய மருந்து என்றே நான் நினைக்கிறேன்.

மருந்து எடுத்துக்கொள்பவருக்கு இதனால் நேரடியாக என்ன பயன்?

கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்தைப் பார்க்கலாம். டிமலால் சொட்டு பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் தடுக்கிறது. கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து இரத்தத்தில் கலந்துவிடுவதால், ஆஸ்துமா உள்ளவருக்கு ஒரு சொட்டே மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். ஆகவே ஆஸ்துமா இருப்பதைக் கண் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மூச்சுக்கும் கண்ணுக்கும் தொடர்பில்லை என்று எண்ணி விட்டுவிடுவது ஆபத்து. பீட்டா-1ஐத் தேர்ந்து தடுக்கும் பீட்டாக்சலால் சொட்டு நுரையீரலுக்கு ஆபத்து குறைந்தது. ஆனால் கண்ணுக்குள் நீரைச் சுரக்கும் படலத்தில் மிகுந்திருப்பது பீட்டா-2 ஆதலால், அது கண் அழுத்தத்தை டிமலால் அளவுக்குக் குறைப்பதில்லை. தேர்வுத்திறனுக்கு இங்கே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. எந்தச் சொட்டாக இருந்தாலும், விட்ட பின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை ஓரிரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால், குழாய் அடைபட்டு, இரத்தத்துக்குச் செல்லும் மருந்து குறையும்.